பூசி மெழுகும் முன்

எர்ணாகுளம் பிராட்வேயில் வீடு கட்டுகிறவரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது கடினமல்ல. குடை வாங்க வந்தவரும் கல்யாண ஜவுளிக்கு வந்தவரும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். வீடு கட்டுகிறவர் கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு பட்டியல் இருக்கும். மட்டாஞ்சேரியிலிருந்து படகில் வந்தாலும் சரி, ஆலுவாவிலிருந்து பஸ்ஸில் வந்தாலும் சரி, பிராட்வேயிலும் அதையொட்டிய மார்க்கெட் ரோடிலும் ஜூ தெருவிலும் அவர் தேடுவது ஏறக்குறைய ஒரே சாமான்களைத்தான்: குழாய், சுவிட்சு, தாழ்ப்பாள், கைப்பிடி, விளக்கு. குழாயைத் திருகிப் பார்ப்பார். சுவிட்சைப் பத்துத் தடவை தட்டிப் பார்ப்பார். தாழ்ப்பாளைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, 'இது பித்தளையா, முலாமா?' என்பார். சில நூறு ரூபாய்ச் சாமானுக்கு அரை மணி நேரக் குறுக்கு விசாரணை.

அதே மனிதர், அந்தக் குழாய்க்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் பைப் எங்கே வளைகிறது, எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். சுவிட்சு கழன்றால் மறுபடி பிராட்வேக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம். பீமுக்குள் இருக்கும் கம்பியை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது.

கட்டுமானத்தில் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. தளம் போட்டு முட்டுப் பிரித்தாகிவிட்டது. சுவர் எழும்பிவிட்டது. மின்சாரக் குழாயும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் போய்விட்டன. பூச்சு வேலை மட்டும் தொடங்கவில்லை. சாதாரண வீட்டுக்கு இது சில வாரங்கள். அவசரக்காரரின் வீட்டுக்கு சில நாட்கள். வீடு தன்னைப் பற்றிய உண்மையை ஒளிக்காமல் காட்டும் கடைசி சந்தர்ப்பம் இதுதான். செங்கல் செங்கல்லாகத் தெரியும், கான்கிரீட் கான்கிரீட்டாகத் தெரியும். ஆனால் வீடு பார்க்க அழகில்லாமல் இருக்கும் கட்டமும் இதுவேயாதலால், சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் டைல்ஸ் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இந்த நேரத்தில் மனை மனையாக நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு.

'மேஸ்திரி, இந்த மூலை கொஞ்சம் கோணலா இருக்கே?'

'அது பூச்சுல எடுத்துடலாம் சார். நீங்க கவலைப்படாதீங்க.'

கொச்சியில் இதே பதில் மலையாளத்தில் வரும்: 'அது தேப்பில் சரியாக்காம் சாரே.' தேப்பு என்றால் பூச்சு வேலை. இன்றைய மலையாள இளைஞர் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் காதலித்துவிட்டுக் கைவிடுவது என்று இன்னொரு அர்த்தமும் ஏறிவிட்டது. தமிழ் மட்டும் குறைந்ததா? குற்றத்தை மறைப்பதற்கு நாம் வைத்திருக்கும் சொற்றொடரே 'பூசி மெழுகுவது'தான். கொத்தனாரின் கரணையிலிருந்துதான் அது மொழிக்குள் வந்திருக்க வேண்டும்.

மேஸ்திரியின் பதிலில் பொய் இல்லை. கோணலைப் பூச்சில் எடுத்துவிட முடியும். உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர், வெளிச்சுவருக்கு 20 மில்லிமீட்டர் என்பது வழக்கமான பூச்சுக் கனம். தூக்குக்குண்டுக்குச் சுவர் ஒத்துவரவில்லை என்றால் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 40 என்று அப்பி நேராக்கிவிடுவார்கள். கண்ணுக்குச் சுவர் நேராகிவிடும். ஆனால் தடித்த பூச்சு காயும்போது சுருங்கி வெடிக்கும். சில ஆண்டுகளில் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். தவிர, அப்பிய சிமென்ட்டுக்கும் மணலுக்கும் காசு கொடுப்பது சொந்தக்காரர். கொத்தனாரின் கோணலுக்கு அவர் இரண்டு தடவை பணம் கட்டுகிறார்.

கோணல் சின்னக் குற்றம். பெரிய குற்றம் எப்படி இருக்கும் என்பதற்குக் கொச்சி நகரம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வைற்றிலாவில் சில்வர் சாண்ட் ஐலண்ட் என்ற இடத்தில் 'சந்தர் குஞ்ச் ஆர்மி டவர்ஸ்' என்று மூன்று கட்டடங்கள். வீடு வாங்கியவர்கள் ராணுவத்தில் பணியாற்றுபவர்களும் ஓய்வு பெற்றவர்களும். கட்டிக் கொடுத்தது ராணுவத்தினருக்கான வீட்டுவசதி நல அமைப்பு. 2018ல் மக்கள் குடியேறினார்கள். அவற்றில் பி, சி என்ற இரண்டு கோபுரங்களில் மட்டும் 208 வீடுகள், 29 மாடி உயரம். சில ஆண்டுகளுக்குள்ளேயே கான்கிரீட் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. பரிசோதித்தவர்கள் கான்கிரீட்டில் குளோரைடு, அதாவது உப்பு, அளவுக்கு மீறியிருப்பதாகச் சொன்னார்கள். வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 பிப்ரவரி 3ந் தேதி நீதிமன்றம் இரண்டு கோபுரங்களையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரும்படி உத்தரவிட்டது. அதுவரை வாடகைக்காக பி கோபுரத்துக்காரர்களுக்கு மாதம் 21,000 ரூபாய், சி கோபுரத்துக்காரர்களுக்கு 23,000 ரூபாய்.

ஓய்வுக்கால சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டிய வீடு ஏழே ஆண்டில் இடிப்புப் பட்டியலில். அணிவகுப்பில் சட்டைப் பொத்தானைக்கூட விடாமல் சோதித்துப் பழகியவர்கள் வாங்கிய வீடு அது. பொத்தான் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது.

உப்பு என்ன செய்கிறது? நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் கம்பியைச் சுற்றி மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. குளோரைடு அந்தப் படலத்தை ஓட்டை போடுகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து கான்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. முதலில் கம்பி போன வழியில் மயிரிழை வெடிப்பு, பிறகு பழுப்புக் கறை, பிறகு பாளம் பாளமாக உதிர்தல். இதனால்தான் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. உப்பு மணலிலிருந்து வரலாம், கலக்கும் தண்ணீரிலிருந்து வரலாம், கடற்காற்றிலிருந்தும் மெதுவாக உள்ளே இறங்கலாம். கிணற்றுத் தண்ணீர்கூடச் சில இடங்களில் உவர்க்கும் கொச்சியில் மூன்று வாசலும் திறந்தே இருக்கின்றன.

மணலிலும் தண்ணீரிலும் உள்ள உப்பைக் கண்ணால் காண முடியாது; ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். கடற்காற்றின் உப்பு வரும் பாதையைக் கண்ணால் பார்க்கலாம். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே எத்தனை கான்கிரீட் இருக்கிறது என்பதுதான் அந்தப் பாதை. வேலைத்தளத்தில் இதற்குப் பெயர் 'கவர்'. வீட்டுக்குள்ளே, காய்ந்த இடத்தில், தளத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடலோரக் காற்று நேரே அடிக்கும் பகுதிக்கு அதே விதி 45 மில்லிமீட்டர் கேட்கிறது. இந்த இடைவெளியைக் காப்பாற்றுவது கம்பிக்கு அடியில் வைக்கும் சின்ன சிமென்ட் கட்டைகள், கவர் பிளாக். பல மனைகளில் அதற்குப் பதில் ஜல்லிக் கல்லையோ உடைந்த டைல்ஸ் துண்டையோ சொருகுவார்கள். கான்கிரீட் கொட்டுகிறவர்கள் கம்பியின் மேல் நடக்கும்போது துண்டு நழுவும். கம்பி பலகையோடு போய் ஒட்டிக்கொள்ளும். முட்டுப் பிரித்த பிறகு தளத்தின் அடியில் அண்ணாந்து பார்த்தால் கம்பியின் கோடு அப்படியே வரிவரியாகத் தெரியும். இதைப் பார்த்துத்தான் மேஸ்திரி சொல்வார், 'பூச்சுல போயிடும் சார்.' போகும். பத்து வருஷத்தில் பூச்சோடு சேர்ந்து கீழேயும் வரும்.

அடுத்து, தேன்கூடு. தூணின் அடியிலும், தூணும் பீமும் சேரும் இடத்திலும் கம்பி நெருக்கமாக இருக்கும். கலவை சரியாக இறங்காது. வைப்ரேட்டர் காட்டாமல் விட்டால் ஜல்லி மட்டும் தெரியும்படி ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதன்மேல் சிமென்ட் பாலைத் தடவி ஒரு மணி நேரத்தில் மறைத்துவிடலாம். ஆகவே பலகை பிரிக்கும் நாளில் சொந்தக்காரர் அங்கே இருப்பது, தளம் போடும் நாளில் வடை பாயசத்தோடு இருப்பதைவிட உபயோகமானது. மேலோட்டமான ஓட்டை என்றால் தளர்ந்ததைக் கொத்தியெடுத்து உரிய கலவையால் அடைக்கலாம். கம்பி தெரியும் ஆழம் என்றால் என்ஜினீயர் வந்து பார்க்காமல் யாரும் அதில் கரணை வைக்கக் கூடாது.

முட்டு எப்போது பிரித்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்தின் முட்டு 14 நாள் நிற்க வேண்டும். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு வருகிறது, அடுத்த மனையில் தேவைப்படுகிறது. ஆகவே எல்லா அவசரமும் இங்கேதான். தண்ணீர் விடுவதிலும் இதே கதை. இப்போது பரவலாக விற்கும் சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தளத்துக்குப் பாத்தி கட்டுகிறார்கள், அது நிற்கிறது. தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும்; அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கொச்சியில் ஜூன் பிறந்தால் வானமே இந்த வேலையைச் செய்துவிடும். ஜனவரியில் கட்டுகிறவர் வானத்தை நம்ப முடியாது.

பழைய மட்டாஞ்சேரி வீடுகளை உதாரணம் காட்டி 'அந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்த்தார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்தார்கள் என்பதே பதில். கேரளத்தின் வெட்டுக்கல் மண்ணிலிருந்து வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்து, 1807ல் வெளியான நூலில் எழுதிய பிரான்சிஸ் புக்கனன், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் அதற்கு 'லாட்டரைட்' என்று பெயர் வைத்தார். வெட்டிய கல்லை ஆறப்போட்டு, சோதை விழுந்ததைக் கழித்துவிட்டுத்தான் சுவருக்கு எடுப்பார்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. அது ஈரத்தை உள்ளே பூட்டாமல் வெளியே விடும். அதைவிட முக்கியம், அந்தச் சுவருக்குள் இரும்பு இல்லை. துருப்பிடிக்க ஒன்றுமில்லாத சுவரோடு இன்றைய கம்பிக் கட்டடத்தை ஒப்பிடுவது நியாயமாகாது. இன்று அதே வெட்டுக்கல் லாரியில் வந்திறங்கிய மறுநாளே சுவரில் ஏறுகிறது.

மணலின் கதையும் மாறிவிட்டது. ஆற்றுமணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. இன்று சுவருக்கும் தளத்துக்கும் எம்-சாண்ட்தான். நல்ல எம்-சாண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெயரில் குவாரித் தூசியைக் கொட்டிவிட்டுப் போகும் லாரிகளில்தான் குறை. கண்ணாடி டம்ளரில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சில மணி நேரம் விட்டால் மணல் அடியிலும் தூசி மேலே தனி அடுக்காகவும் படியும். மேலடுக்கு எட்டு சதவீதத்தைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். டம்ளர் சமையலறையிலேயே கிடைக்கும்.

சுவருக்கு வருவோம். செங்கல்லானால் ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இணைப்பு ஒரே நேர்கோட்டில் மேலேறாமல் மாறி மாறி வர வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இடுக்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் கலவை நிறைந்திருக்கிறதா, ஓரத்தில் மட்டும் தடவியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் எப்போதும் வெடிப்பு வரும். இரண்டும் சூட்டுக்கு வெவ்வேறு விதமாக விரிபவை. அந்தக் கோட்டின் மேல் கோழிவலை அடித்துவிட்டுப் பூசினால் வெடிப்பு பெருமளவு அடங்கும். வலைக்கு ஆகும் செலவு சொற்பம். பூச்சுக்குப் பிறகு ஞாபகம் வந்தால் பூச்சை உடைக்க வேண்டும்.

இனி மின்சாரக்காரர். அவருக்கு வேண்டியது சுவரில் காடி. அதை நேர்மேலாக வெட்டினால் சுவர் தாங்கும். கிடைமட்டமாக நீளத்துக்கு வெட்டினால் சுவரின் இடுப்பை அறுத்ததாகும். நேர்க்காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், கிடைக்காடி ஆறில் ஒரு பங்குக்கு மேலும் போகக் கூடாது என்பது விதி. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்பது முக்கால் அங்குலம். அதற்குள் மின்சாரக் குழாயே அடங்காது. அதாவது, அந்தச் சுவரில் கிடைமட்டமாக வெட்டவே கூடாது. இதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பிராட்வேயில் ஸ்விட்சு விற்கிறவரும் சொல்வதில்லை. பீமிலோ தூணிலோ சுத்தியும் உளியும் வைத்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுவதே நல்லது.

தண்ணீர்க் குழாய்தான் பிற்காலத்தில் குடும்பச் சண்டைக்கு அதிகம் காரணமாவது. மாடி வீட்டுக் குளியலறை ஈரம் கீழ்வீட்டு உட்காரும் அறையில் படம் வரையும். இதற்கான சோதனை மிகச் சுலபம், ஆனால் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்னால் மட்டுமே சாத்தியம். குழாய் முனைகளையெல்லாம் மூடி, கைப்பம்ப்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றி, மீட்டர் முள்ளின் இடத்தைக் குறித்துவிட்டு இரவு முழுவதும் விட வேண்டும். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ ஓர் ஒட்டு விட்டிருக்கிறது. கழிவறைப் பள்ளத்துக்கு வேறு வழி: நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சாக்பீஸால் கோடிட்டு, இரண்டு நாள் கழித்துக் கீழே போய் அண்ணாந்து பார்ப்பது. இரண்டு நாள் வேலை நிற்குமே என்று பிளம்பர் முணுமுணுப்பார். பள்ளத்தில் செங்கல் ஜல்லியைக் கொட்டி டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுகினால் எத்தனை நாள் நிற்கும் என்று அவரிடமே கேட்கலாம்.

இத்தனையும் தனி வீடு கட்டுகிறவருக்கு. அவர் தன் மனைக்குள் எந்நேரமும் நுழையலாம். அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர்? அவருக்குக் காட்டுவது பெரும்பாலும் 'மாடல் ஃபிளாட்'. அதில் திரைச்சீலைகூட இருக்கும், செங்கல் மட்டும் இருக்காது. 'பாதுகாப்புக் கருதி' கட்டடத்துக்குள் அனுமதியில்லை என்பார்கள். பாதுகாப்பு என்ற சொல் இந்த இடத்தில் யாரைக் காக்கிறது என்பது கேட்கத் தக்கது.

சென்னை மவுலிவாக்கத்தில் 'டிரஸ்ட் ஹைட்ஸ்' என்ற பெயரில் இரட்டைக் கட்டடங்கள் எழும்பின. ஒன்றுக்கு 'பெய்த்', மற்றதற்கு 'பிலீஃப்' என்று பெயர். மொத்தத் திட்டமும் நம்பிக்கையின் மேலேயே நின்றது. 2014 ஜூன் 28 சனிக்கிழமை மாலை, மழை நேரத்தில், 11 மாடி 'பிலீஃப்' சரிந்தது. 61 பேர் செத்தார்கள். இடி விழுந்ததே காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. எஞ்சி நின்ற கட்டடத்தையும் 2016 நவம்பர் 2ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கியவர்கள் யாரும் இன்னும் குடிவராத நேரம் அது. இறந்தவர்களில் மிகப் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டு கிராமங்களிலிருந்தும் வந்து அதே கட்டடத்தில் வேலை செய்தவர்கள். கட்டுமானத்தின் தரத்தைப் பற்றிப் பேசும்போது வாங்குகிறவரின் பணத்தைப் பற்றியே பேசுவது வழக்கம். கட்டடம் முதலில் விழுவது கட்டுகிறவர்கள் மேல்தான். கொச்சியில் ஒரு காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்கள் தமிழர்கள். வாத்துருத்தியில் இன்னும் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. இன்று சாரத்தின் மேல் நிற்பவர்களில் அதிகம் பேர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். கோணலைப் பார்த்தாலும் யாரிடம் எந்த மொழியில் சொல்வார்கள்?

பார்க்கும் வசதியே இல்லாதவர்கள் இன்னொரு வகை. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் 2021ல் ஏழைக் குடும்பங்கள் குடியேறின. அந்த ஆகஸ்டில் அவர்கள் சுவரைக் கையால் சுரண்ட, பூச்சு மாவாக உதிர்ந்தது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. இரண்டு என்ஜினீயர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்; சென்னை ஐ.ஐ.டி.யிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. மற்ற இடங்களில் மறைக்கும் வேலையைச் செய்த பூச்சு, இங்கே தானே காட்டிக் கொடுத்தது. ஒதுக்கீட்டு ஆணையோடு சாவி வாங்குகிறவரிடம் 'பூச்சுக்கு முன் ஏன் வந்து பார்க்கவில்லை?' என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. அவர் பார்வைக்குப் பதில் பார்க்க வேண்டியவர் அரசு என்ஜினீயர். பார்த்ததாக ஒரு கையெழுத்து எங்கோ இருந்திருக்கும்.

அமெரிக்காவில் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழும்புகின்றன. சட்டத்துக்குள் குழாயும் ஒயரும் ஓடி முடிந்ததும், ஜிப்சம் பலகை அடித்து மூடுவதற்கு முன்னால், ஊராட்சியின் ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் வாங்குகிறவர் தன் செலவில் தனியாக ஓர் ஆய்வாளரையும் அந்தக் கட்டத்தில் கூட்டிப் போகிறார். அந்த நாட்டிலும் மோசமான வீடுகள் உண்டு. ஆனால் 'மூடுவதற்கு முன் ஒரு பார்வை' என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. இங்கே உள்ளாட்சி பெரும்பாலும் தொடக்கத்தில் வரைபடத்தையும் முடிவில் கட்டடத்தையும் பார்க்கிறது. வரைபடத்தைப் பார்ப்பதும் சின்ன விஷயமல்ல. மரடில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் தகர்த்தது சுவர் மோசம் என்பதால் அல்ல, கடலோர விதியை மீறிய இடத்தில் அவை நின்றதால். ஆனாலும் நடுவில் நடப்பதைப் பார்க்க ஆளில்லை.

சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. 2016ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறத்திலோ குறை தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், எந்த வேலை எப்போது முடியும் என்ற கால அட்டவணையையும் கேட்டு வாங்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. அதற்கும் முன்பே, 1993ல், வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் ஒரு சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் குறை இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவர். பூசிய சுவரின் முன் நின்றுகொண்டு அதை நிரூபிப்பது லேசல்ல. அட்டவணையில் 'பூச்சு வேலை தொடக்கம்' என்ற வரியைத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் என்ஜினீயரோடு வந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத்தில் கேட்பதுதான் இன்றைய நிலையில் வாங்குகிறவர் செய்யக்கூடியது. மறுக்கிற கம்பெனியும் இருக்கும். மறுப்பும் ஒரு தகவல்தான்.

அந்த என்ஜினீயர் யாருடைய ஆள் என்பது இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். கான்ட்ராக்டர் கூட்டிவருகிறவர் கான்ட்ராக்டரின் ஆள். வரைபடம் போட்டவர் தன் வரைபடத்தின் ஆள். இவர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. தங்கள் வேலையைத் தாங்களே குறை சொல்ல மனிதருக்கு மனம் வராது. வெளியிலிருந்து ஒருவரை, வீட்டுக்காரரின் காசில், மூன்றே தடவை அழைத்தால் போதும்: தளத்துக்குக் கம்பி கட்டிய நாள், பலகை பிரித்த நாள், பூச்சுக்கு முந்தைய நாள். சமையலறை அலமாரிக்கும் வரவேற்பறை விளக்குக்கும் செலவிடுகிற குடும்பத்துக்கு இந்தக் கட்டணம் பெரிதாகத் தோன்றக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பணம் கொடுக்க மனம் தயங்குகிறது, அவ்வளவுதான்.

செலவில்லாத காரியங்களும் உண்டு. தூண் வார்த்த தேதியை அந்தத் தூணிலேயே சாக்பீஸால் எழுதச் சொல்லலாம். எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள் என்று பிறகு வாதாட வேண்டியிருக்காது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்து ஓர் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, செல்போனில் படம் எடுத்து வைக்கலாம். பிற்காலத்தில் அலமாரி மாட்டத் துளை போடும்போது ஒயர் எங்கே, குழாய் எங்கே என்று அந்தப் படம் சொல்லும். வழக்கு என்று வந்தால் அதுவே சாட்சி.

பூச்சு தொடங்குகிற காலையில் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். கான்கிரீட் பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது. கூரைக்கு ஆறு மில்லிமீட்டர் போதும். கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுகிப்போன கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுவதைப் பார்த்தால் தடுக்கலாம். பூச்சுக்காரர் சாரத்தில் ஏறிவிட்டால் கீழே நிற்பவர் அவரிடம் கேட்க ஒரு கேள்விதான் பாக்கி: 'நாளைக்குக் காலையிலே தண்ணி விட யார் வர்றாங்க, மேஸ்திரி?'